பிரான்சிஸ்கோ அலார்கோன்: கவிஞரா, தொகுப்பாசிரியரா?

கேள்வி இதுதான்: “பிரான்சிஸ்கோ எக்ஸ். அலார்கோன் என்பவரைப் பற்றி ஓரிடத்தில் குழந்தைக் கவிஞர் என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் ஆஸ்டெக் மந்திரங்களை வைத்துக் கவிதை எழுதியவர் என்கிறார்கள். வேறோரிடத்தில் குடியேற்றச் சட்டத்தை எதிர்த்த கவிதைகளின் தொகுப்பாசிரியர். மூவரும் ஒருவர்தானா? இருமொழிக் கவிஞர் என்றால் இரண்டு மொழியிலும் எழுதினாரா, மொழிபெயர்த்தார்களா? எதிலிருந்து தொடங்கலாம்?”

மூவரும் ஒருவர்தான். 1954 பிப்ரவரியில் பிறந்து 2016 ஜனவரி 15 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோன அமெரிக்க லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) கவிஞர். சிக்கானோ, அதாவது மெக்சிக வழிவந்த அமெரிக்கர். கவிதை வேறு, தொகுப்புப் பணி வேறு என்று பிரித்துத்தான் பலரும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிறர் வாயிலிருந்து வந்த சொல்லைச் சேகரித்து, அதற்குப் பக்கத்தில் தன் குரலையும் வைப்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. எழுத வந்த விதமே அப்படி. பதின்வயதில் பாட்டி பாடிய பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தார். இப்படி இன்னொருவர் குரலை எழுதியெடுக்கும் இடத்திலிருந்து வந்தவருக்குத் தொகுப்பாசிரியர் வேலை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட ஒன்றாக இருக்க முடியாது.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டன். ஆறு வயதில் குடும்பம் மெக்சிகோவின் குவாடலஹாராவுக்குப் போய்விட்டது. பதினெட்டு வயதில் படிப்பதற்காகத் தனியாகக் கலிஃபோர்னியா திரும்பினார். உணவகத்தில் தட்டு கழுவினார், வயலில் கூலிவேலை பார்த்தார். லாங் பீச்சில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பு. 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், லத்தீனோ எழுத்தாளர்களும் ஓவியர்களும் மத்திய அமெரிக்கப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்களும் கூடி வாழ்ந்த தெருக்களில், கவிஞராக அறியப்பட்டார். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமல் எழுதிய முதல் தலைமுறைச் சிக்கானோ கவிஞர்களில் ஒருவர். 1985இல் வேறு இரு கவிஞர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சிறு தொகுப்பு அந்த வகையில் முன்னோடி. அவருடைய முதல் புத்தகங்களில் ஒன்றே கூட்டுப் புத்தகம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 1982இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து மெக்சிகோ நகரம் போனார். அங்கேதான் 1629இல் எழுதப்பட்ட ஒரு நூல் அவர் கையில் கிடைத்தது. எழுதியவர் ஹெர்னாண்டோ ரூயிஸ் டி அலார்கோன். இன்றைய குவெரெரோ மாநிலத்தில் இருக்கும் அட்டெனாங்கோ என்ற ஊரின் பங்குப் பாதிரியார். ஸ்பானிய நாடக இலக்கியத்தில் பெரிய பெயரான ஹுவான் ரூயிஸ் டி அலார்கோனின் உடன்பிறந்தவர். கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட பழங்குடி மக்கள் மறைவில் இன்னும் என்னென்ன மந்திரம் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதித்தரும் பொறுப்பைத் திருச்சபை அவரிடம் ஒப்படைத்திருந்தது. ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஆட்களைத் தண்டிக்கவும் செய்தார். அளவுமீறித் தண்டிக்கிறார் என்று சமய விசாரணை மன்றமே அவரை விசாரிக்கும்படி ஆயிற்று என்றால் ஆள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காரியத்தில் கெட்டிக்காரர். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் பேரரசு நடத்திய ஆஸ்டெக் மக்களின் மொழியான நாஹுவாட்ல் அவருக்கு நன்றாகத் தெரியும். தேன் எடுக்கப் போகும்போது சொல்வது, மான் வேட்டைக்குச் சொல்வது, மீன் பிடிக்க, மக்காச்சோளம் விதைக்க, முறிந்த எலும்பு கூட, தேள்கடி இறங்க என்று ஒவ்வொரு மந்திரத்தையும் கேட்டபடியே எழுதி, கீழே ஸ்பானிய விளக்கமும் போட்டுவைத்தார். இவற்றை அடையாளம் கண்டு அடுத்து வரும் பாதிரியார்கள் வேரோடு பிடுங்க வேண்டும் என்பது நோக்கம். நடந்தது வேறு. அந்த மக்களின் வாய்மொழி மந்திர மரபில் இன்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி இவர் கையெழுத்தால் பிழைத்ததுதான்.

தொலைந்துபோயிருந்த நூலை அலார்கோன் ஆவணக் காப்பகத்தில் தோண்டியெடுத்தார் என்று சிலர் எழுதுவார்கள், நம்ப வேண்டாம். 1892லேயே மெக்சிகோவில் அது அச்சாகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த நூல். அதைக் கவிதையாகப் படித்த ஆள்தான் அலார்கோன். பாதிரியாரின் குடும்பப் பெயரும் தன்னுடையதும் ஒன்றாக இருந்தது அவரை உலுக்கியது. விசாரித்தவனின் பெயர், விசாரிக்கப்பட்டவர்களின் ரத்தம், இரண்டுமே தன்னிடம் இருக்கின்றன என்ற உணர்விலிருந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்தது ‘ஸ்நேக் போயம்ஸ்’, பாம்புக் கவிதைகள். 1992இல் வெளியாயிற்று. கொலம்பஸ் வந்த ஐந்நூறாவது ஆண்டைக் கொண்டாடலாமா, துக்கம் அனுசரிக்கலாமா என்று அமெரிக்கா முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் அது. மறுவருடம் அமெரிக்கன் புக் அவார்ட் கிடைத்தது.

அந்தப் புத்தகத்தில் பாதிரியார் பதிவுசெய்த நாஹுவாட்ல் வரிகள் இருக்கும், பாதிரியாரையே முன்னிலையில் விளித்துப் பேசும் கவிதைகள் இருக்கும், அலார்கோனின் சொந்தக் கவிதைகளும் இருக்கும். ஒரு சின்ன உதாரணம். மந்திரம் சொல்பவர் அடிக்கொருதரம் “நோமட்கா நேவாட்ல்” என்பார். நானே, நேரில் நிற்கும் நானே, என்று பொருள். பாதிரியார் காதில் அது சாத்தானோடு சேர்ந்தவனின் அகங்காரமாக விழுந்தது. அலார்கோன் அதையே தலைப்பாக்கி, ‘நானே’ என்பதற்குக் கீழே வரிசையாக அடுக்குகிறார்: மலை, கடல், காற்று, சுடர், முள், பாம்பு, இறகு, நிலா, சூரியன். ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் கிடையாது. விசாரணைக் குறிப்பில் குற்றத்துக்குச் சாட்சியாக இருந்த சொல் இங்கே ஒரு பட்டியலின் தலைப்பாக நிற்கிறது. வேறு விளக்கம் எதுவும் அவர் எழுதவில்லை. எதை எடுப்பது, எதற்குப் பக்கத்தில் வைப்பது என்ற தேர்வு மட்டும்தான். தொகுப்பாசிரியர் செய்யும் வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு குறையும் சொல்லலாம். அலார்கோனின் நாஹுவாட்ல் அறிவு படிப்பிலிருந்து வந்தது. அவர் தாய்மொழி ஸ்பானியம். ஆஸ்டெக் உலகத்தை அவர் காட்டும்போது அந்தப் பேரரசின் போரும் கப்பமும் நரபலியும் பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடுகின்றன. பூவும் பாட்டும் முன்னால் வருகின்றன. சிக்கானோ இயக்கம் முழுவதற்கும் இருந்த பலவீனம்தான் இது. ஆனால் அவர் கையிலெடுத்தது மன்னர்களின் கதையை அல்ல. கிராமத்து வேடனும் மருத்துவச்சியும் சொன்ன வார்த்தைகளை. அதனால் குற்றச்சாட்டில் பாதி இங்கே ஒட்டாது. 2019இல் அரிசோனா பல்கலைக்கழகப் பதிப்பகம் இந்நூலை ஸ்பானியம், நாஹுவாட்ல், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் புதிதாகக் கொண்டுவந்தது. வாங்குவதானால் அந்தப் பதிப்பையே வாங்குங்கள்.

இப்போது மொழி பற்றிய உங்கள் கேள்வி. புத்தகத்துக்குப் புத்தகம் விடை மாறும். ‘ஸ்நேக் போயம்ஸ்’ பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே ஸ்பானியமும் நாஹுவாட்லும். பெரியவர்களுக்கான மற்ற முக்கியத் தொகுப்புகள் பெரும்பாலும் ஸ்பானியத்தில் எழுதப்பட்டவை. எதிர்ப்பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும். குழந்தைப் புத்தகங்களில் இரண்டு மொழியும் அவருடையவையே, ஒரே தாளில் அருகருகே.

ஸ்பானியத் தொகுப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் பெயர் பிரான்சிஸ்கோ அரகோன். பெயர் ஒலியைப் பார்த்து இவரையும் அவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அரகோன் நிகராகுவா வழிவந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், இளையவர். அலார்கோனை மொழிபெயர்த்துத் தொடங்கிய அவரும் பிறகு மோமோடோம்போ என்ற சிறுபதிப்பகம் நடத்தினார். 2007இல் ‘தி விண்ட் ஷிஃப்ட்ஸ்’ என்று புதிய லத்தீனோ கவிதைகளின் தொகுப்பைக் கொண்டுவந்தார். நோத்ர தாம் பல்கலைக்கழகத்தின் ‘லெட்ராஸ் லத்தீனாஸ்’ என்ற லத்தீனோ இலக்கியத் திட்டத்தையும் நடத்தினார்.

லத்தீனோ கவிஞர்களில் இத்தனை பேர் ஏன் பதிப்பாளராகவும் தொகுப்பாசிரியராகவும் இருக்கிறார்கள் என்று கேட்டால், வேறு வழியில்லை என்பதே பதில். 1960களில் நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்கள் இந்த எழுத்தை எட்டிப் பார்க்கவில்லை. பெர்க்லியில் 1967இல் ‘கின்டோ சோல்’, ஹூஸ்டனில் 1979இல் ‘ஆர்ட்டே பப்ளிகோ’ என்று எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் தாங்களே பதிப்பகம் தொடங்கினார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரிகர்கள் தங்கள் கவிதைகளைத் தாங்களே தொகுத்த நூல் 1975இல் வந்தது. தன் கவிதை அச்சேற வேண்டுமென்றால் அடுத்தவர் கவிதையையும் சேர்த்து அச்சேற்ற வேண்டும் என்ற நிலை.

ஸ்பானியத் தொகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1990இல் வந்த ‘குவர்போ என் யாமாஸ்’, எரியும் உடல். அதில் ‘ஒராசியோன்’, பிரார்த்தனை, என்றொரு கவிதை. தனக்கு வேண்டிய கடவுளைக் கேட்கிறார்: தன்னோடு கூட்டுச் சேருகிற கடவுள், சினிமாக் கொட்டகை வரிசையில் நிற்கிற கடவுள், காசநோயில் ரத்தம் துப்புகிற, பேருந்துக் காசுகூட இல்லாத கடவுள், ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் தடியடி பட்டு மயங்கி விழுகிற கடவுள், சித்திரவதை அறையில் மின்கம்பியைக் கண்டு பயத்தில் சிறுநீர் கழித்துவிடுகிற கடவுள். மத்திய அமெரிக்காவில் அப்போது நடந்துகொண்டிருந்ததை நினைத்துப் படித்தால் கடைசிப் படிமம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். முற்றுப்புள்ளி கிடையாது, காற்புள்ளி கிடையாது. குறுகலான வரிகள் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அவர் கவிதைகள் பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

அடுத்த ஆண்டு வந்த ‘டே அமோர் ஓஸ்குரோ’ பதினான்கு சானட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். ஸ்பானியக் கவிஞர் லோர்க்கா எழுதிவைத்து, 1936இல் கொல்லப்பட்டு, பல பத்தாண்டுகள் அச்சாகாமல் கிடந்த ‘இருண்ட காதல்’ சானட்டுகளுக்கு இது பதில். லோர்க்கா குறிப்பால் உணர்த்தியதை அலார்கோன் வெளிப்படையாக, ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் பேசும் காதலாக எழுதினார். சான்டா குரூஸில் ஃபெலிசியா ரைஸ் நடத்திய ‘மூவிங் பார்ட்ஸ்’ கையச்சகம் அழகான பதிப்பாக அதைக் கொண்டுவந்தது. லோர்க்காவை அவர் கடைசிவரை விடவில்லை. இறப்பதற்கு முந்தைய வருடம் வந்த ‘கான்டோ ஓண்டோ’வும் லோர்க்காவோடு பேசும் புத்தகம்தான்.

குழந்தைப் புத்தகங்களுக்கு வருவோம். இவற்றைப் பக்கத்து வேலை என்று ஒதுக்குபவர்கள் தவறவிடுவது நிறைய. 1992 முதல் டேவிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான ஸ்பானியம்’ என்ற திட்டத்தை நடத்தினார். வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்தாலும் எழுதப் படிக்கத் தெரியாத, நம்முடையது கொச்சை என்று கூசுகிற மாணவர்கள் வருகிற வகுப்பு. அவர்களுக்கான பாடப்புத்தகங்களையும் மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். குழந்தைப் புத்தகக் கடைகளில் இந்தப் பிள்ளைகளுக்கான இருமொழிக் கவிதை அநேகமாக இல்லை என்று கண்டார். விளைவு, 1997இல் ‘சிரிக்கும் தக்காளிகள்’. மாயா கிறிஸ்டினா கொன்சாலஸ் வரைந்த படங்கள் பக்கத்தை நிரப்பித் ததும்பும். தலைப்புக் கவிதையில், கொல்லைப்புறத்தில் கம்பிவலை கட்டி வளர்த்த தக்காளிச் செடிகள், காய் சிவக்கச் சிவக்க, வசந்தகாலத்தில் வந்த கிறிஸ்துமஸ் மரங்களாகிவிடுகின்றன. அவ்வளவுதான் கவிதை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும், கவிஞனுக்குப் பொறாமை வரும்.

பருவத்துக்கு ஒன்றாக நான்கு புத்தகங்கள். ‘சிரிக்கும் தக்காளிகள்’ வசந்தகாலத்துக்கு. கோடையில் மெக்சிகோவில் தாத்தா பாட்டி ஊர், இலையுதிர் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ், குளிரில் வடக்குக் கலிஃபோர்னியா. நான்கில் மூன்றுக்கு 1998, 2000, 2002 ஆண்டுகளில் புரா பெல்ப்ரே கௌரவம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகத்தின் முதல் போர்ட்டோ ரிக நூலகர் பெயரில் லத்தீனோ குழந்தை இலக்கியத்துக்குத் தரப்படுவது அது.

இதில் அரசியல் எங்கே என்கிறீர்களா? ‘சிரிக்கும் தக்காளிகள்’ வந்த மறுவருடம், 1998 ஜூனில், கலிஃபோர்னியா வாக்காளர்கள் 61 சதவீத ஆதரவோடு 227ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கல்வி பெருமளவு நின்றுபோனது. வகுப்பறையிலிருந்து ஸ்பானியம் வெளியேற்றப்பட்ட அந்த வருடங்களில், ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் சமமாக நிற்கும் படப்புத்தகம் பள்ளி நூலகத்து அலமாரியில் இருப்பது சின்ன விஷயமல்ல. அந்தச் சட்டத்தை வாக்காளர்கள் திருப்பிப் போட்டது 2016 நவம்பரில். அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

கடைசிக் கட்டம் அரிசோனா. 2010 ஏப்ரல் 20 அன்று ஒன்பது மாணவர்கள் ஃபீனிக்ஸில் மாநிலத் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தின் கதவில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு கைதானார்கள். எஸ்பி 1070 என்ற சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திடக் கூடாது என்பது கோரிக்கை. நியாயமான சந்தேகம் இருந்தால் ஒருவரின் குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரித்தாக வேண்டும், ஆவணம் கையில் இல்லாவிட்டால் மாநிலக் குற்றம் என்றெல்லாம் சொன்ன சட்டம் அது. மூன்று நாள் கழித்து ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்திட்டுவிட்டார். அலார்கோன் அந்த ஒன்பது பேருக்காக ஒரு கவிதை எழுதி ஃபேஸ்புக்கில் போட்டார். பதில் கவிதைகள் வந்து குவிய ஆரம்பித்ததும் ‘எஸ்பி 1070க்குப் பதிலளிக்கும் கவிஞர்கள்’ என்று தனிப் பக்கம் திறந்தார். பெயர்பெற்றவர்கள், முதல் கவிதை எழுதுபவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கவிதைகள். பல கவிஞர்கள் சேர்ந்து படித்துத் தேர்ந்தெடுத்தவை ‘லா ப்ளோகா’ என்ற சிக்கானோ இலக்கிய இணைய இதழில் தொடர்ந்து வந்தன.

அதிலிருந்து அவரும் ஒடீலியா கல்வான் ரோட்ரிகஸும் சேர்ந்து தொகுத்ததுதான் ‘போயட்ரி ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’. அமெரிக்காவின் முதல் லத்தீனோ அரசவைக் கவிஞரான ஹுவான் ஃபெலிப்பே எர்ரேரா முன்னுரை எழுதினார். வெளியிட்டது அரிசோனா பல்கலைக்கழகப் பதிப்பகம், டூசான் நகரத்தில் இருப்பது. அதே டூசான் பள்ளிகளில்தான், 2010இல் வந்த இன்னொரு மாநிலச் சட்டத்தைக் காரணம் காட்டி, மெக்சிக அமெரிக்கக் கல்வித் திட்டத்தை நிறுத்தி அதன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தடை இனப்பகையில் பிறந்தது என்று 2017இல் நீதிமன்றம் சொன்னது. எஸ்பி 1070இன் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போலீஸ் ஆவணம் கேட்கும் பிரிவு தப்பித்தது.

தொகுப்பு வெளியானது 2016இல், அவர் இறந்த பிறகு. அதிலுள்ள கவிதைகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். கோஷமாக நின்றுவிடுபவை பல. அலார்கோன் தனிக் கவிதை நூல் தொகுத்திருந்தால் அவற்றில் சிலவற்றை நிச்சயம் நீக்கியிருப்பார். ஆனால் இந்தத் தொகுப்பின் கணக்கு வேறு. 1629இல் ஒரு அலார்கோன் குரல்களைச் சேகரித்தது, சொன்னவர்களை அடையாளம் காண. 2010இல் இன்னொரு அலார்கோன் சேகரித்தபோது சொன்னவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். ஒப்பீட்டை நான்தான் செய்கிறேன், அவர் செய்யவில்லை. ஆனால் இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் உங்களுக்கும் தோன்றும்.

படிக்கும் வரிசை: கையில் சின்னப் பிள்ளை இருந்தால் ‘சிரிக்கும் தக்காளிகள்’, இல்லாவிட்டாலும் அதுவே. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அவர் வரி எப்படி மூச்சு விடுகிறது என்பது பிடிபட்டுவிடும். பிறகு 2002இல் வந்த ‘ஃபிரம் தி அதர் சைட் ஆஃப் நைட்’. தேர்ந்தெடுத்த கவிதைகள், ஸ்பானியமும் அரகோனின் ஆங்கிலமும் எதிரெதிரே. மூன்றாவதாக ‘ஸ்நேக் போயம்ஸ்’. பாதிரியாரின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது, அதனால்தான் மேலே அவ்வளவு நீட்டினேன். போராட்டத் தொகுப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுத்தால் அவரைச் சுவரொட்டிக் கவிஞர் என்று நினைத்து மூடிவிடும் அபாயம் இருக்கிறது. காணொளி கிடைத்தால் அவர் மேடையில் வாசிப்பதையும் பாருங்கள். வாசிக்கத் தொடங்கும் முன் அரங்கத்தை எழுப்பி நான்கு திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையைப் பார்த்தும் எல்லோரையும் “தாவி!” என்று நாஹுவாட்லில் உரக்கக் கூப்பிட வைப்பார். பேராசிரியர்கள் நிறைந்த கருத்தரங்கமானாலும் ஆரம்பப் பள்ளி வகுப்பானாலும் அதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.